18 மீட்டர் முந்திய நியூட்ரினோ: ஒரு நிகழ்வு ஆய்வு

2011 செப்டம்பர் 23 அன்று செர்ன் ஆய்வகத்தின் அரங்கில் டாரியோ ஆட்டியேரோ என்ற இயற்பியலாளர் ஓர் அளவீட்டை விளக்கினார். கடிகாரம், கம்பிவடம், ஜி.பி.எஸ். கருவி, நில அளவை என்று நீண்ட அந்தப் பேச்சு கடைசியில் ஒரே ஓர் எண்ணில் வந்து நின்றது: 60.7 நானோ நொடி (நானோ நொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஜெனீவா அருகே கிளம்பிய, பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள், சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருந்த ஓப்பரா என்ற கருவிக்கு, ஒளி வந்து சேர எடுக்கும் நேரத்தைவிட அவ்வளவு குறைவான நேரத்தில் வந்துவிட்டன. தூரக் கணக்கில் சொன்னால் ஒளியை 18 மீட்டர் முந்திவிட்டன. ஒளியை எதுவும் முந்தாது என்பதோ ஐன்ஸ்டைனின் கோட்பாடு.

ஒன்பது மாதங்களுக்குள் அந்த எண் இல்லாமல் போனது. சரியாக முடுக்கப்படாத ஓர் ஒளியிழை இணைப்புதான் முக்கியக் காரணம். "ஒயர் லூஸாம்" என்று சிரித்துவிட்டு நகர்கிற கதையாகத்தான் இது இன்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. கவனி, கருதுகோள் வை, சோதி, மறுபடி சோதி, முடிவுக்கு வா என்று பாடப்புத்தகம் சொல்லும் அறிவியல் முறை எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் அதிகம் கிடையாது. அதிலும் அந்த "மறுபடி சோதி" என்ற படி. ஓப்பரா குழு மறுபடி சோதிக்கத்தான் செய்தது. அதே தவறான விடை, முன்னைவிடக் கூடுதல் துல்லியத்தோடு வந்தது.

அளந்தது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓப்பரா வேகம் அளப்பதற்காகக் கட்டப்பட்ட கருவி அல்ல. நியூட்ரினோவில் எலக்ட்ரான் வகை, மியூவான் வகை, டாவ் வகை என்று மூன்று உண்டு. போகிற வழியில் ஒன்று இன்னொன்றாக மாறும். மியூவான் வகையாகக் கிளம்பியது டாவ் வகையாக வந்து இறங்குவதை நேரடியாகப் பிடித்துக் காட்டுவதே திட்டத்தின் நோக்கம். அதற்காக ஈயத் தகடும் ஒளிப்படப் படலமும் மாறி மாறி வைத்த சுமார் 1,50,000 செங்கற்களை, 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேகம் அளந்தது அதனோடு சேர்த்துச் செய்த பக்க வேலை.

வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. இங்கே கஷ்டம் என்னவென்றால், நியூட்ரினோ கிளம்பும் கணத்தை யாரும் பார்க்க முடியாது. செர்னில் புரோட்டான் கற்றை ஒன்று கிராஃபைட் இலக்கில் மோதுகிறது. அதில் பிறக்கும் பையான், கேயான் துகள்கள் ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் பறந்து சிதையும்போது நியூட்ரினோக்கள் உருவாகின்றன. புரோட்டான் துடிப்பு ஒவ்வொன்றும் 10.5 மைக்ரோ நொடி, அதாவது 10,500 நானோ நொடி நீளம். தேட வேண்டிய வித்தியாசமோ அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எந்த நியூட்ரினோ துடிப்பின் தலைப்பகுதியில் பிறந்தது, எது வால்பகுதியில் பிறந்தது என்று தனித்தனியாகச் சொல்ல வழியில்லை. ஆகவே 2009 முதல் 2011 வரை மலைக்கடியில் பதிவான சுமார் 16,000 நிகழ்வுகளின் நேரப் பரவலை எடுத்து, புரோட்டான் துடிப்பின் வடிவத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். இரண்டு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார எவ்வளவு நகர்த்த வேண்டுமோ அதுதான் விடை.

தூரத்தை 20 சென்டிமீட்டர் துல்லியத்துக்கு அளந்திருந்தார்கள். 2009 ஏப்ரலில் லாக்விலா நிலநடுக்கம் வந்தபோது ஆய்வகம் சுமார் 7 சென்டிமீட்டர் நகர்ந்தது. அதுகூட அவர்களுடைய வரைபடத்தில் ஒரு சிறு படியாகத் தெரிந்தது. இரண்டு இடத்துக் கடிகாரங்களையும் ஒரே செயற்கைக்கோள்களைப் பார்க்கும் ஜி.பி.எஸ். கருவிகளால் ஒத்திசைத்தார்கள். அந்த ஒத்திசைவைச் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் அளவியல் நிறுவனங்கள் சரிபார்த்திருந்தன. பிற்பாடு வந்த கேலிகளில் இந்தக் கவனம் முழுவதும் மறைந்துபோனது. பூமியின் நகர்வைக் கணக்கில் எடுத்தவர்கள் ஒரு திருகைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் விஷயமே.

அந்தத் திருகு இருந்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஜி.பி.எஸ். கருவி மலைக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் இருக்கும். உணர்கருவி மலைக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து "இப்போது மணி இது" என்ற செய்தி ஒளித்துடிப்பாக 8.3 கிலோமீட்டர் ஒளியிழை வடம் வழியாக உள்ளே போகும். அந்தப் பயணத்துக்குச் சுமார் 41 மைக்ரோ நொடி ஆகும் என்று 2006இல் அளந்து வைத்திருந்தார்கள். வடத்தின் கடைசி முனை ஒரு பெட்டியில் வந்து செருகப்படுகிறது. உள்ளே ஒளி டையோடு ஒன்று, வரும் ஒளியை மின்சாரமாக மாற்றுகிறது. மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் தலைமைக் கடிகாரம் "செய்தி வந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறது. மலைக்குள் பதிவாகும் ஒவ்வொரு நேரமும் இந்த ஒற்றைச் செருகல் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்குப் போட்டது

இந்தக் குழு செய்த நல்ல காரியங்களில் ஒன்று, விடை தெரியாமலேயே கணக்குப் போட்டது. பழைய, திருத்தப்படாத அளவைகளை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு பகுப்பாய்வை முடித்தார்கள். அப்போது கிடைத்த வித்தியாசம் 1048.5 நானோ நொடி. அந்த எண்ணைப் பார்த்து நியூட்ரினோ வேகமா மெதுவா என்று யாராலும் ஊகிக்க முடியாது. முறையில் இனி கை வைப்பதில்லை என்று முடிவான பிறகே, புதிய அளவைகளிலிருந்து வந்த 987.8 நானோ நொடித் திருத்தத்தைக் கழித்தார்கள். மிச்சம் 60.7.

ஏன் இந்தப் பாடு என்றால், எதிர்பார்த்த விடை வந்ததும் தவறு தேடுவதை நிறுத்திவிடுவது மனித இயல்பு. எதிர்பாராத விடை வந்தால் இன்னும் நாலு இடத்தில் தோண்டுவோம். இரண்டுக்கும் ஒரே அளவு உழைப்பைக் கொடுக்க வைப்பதுதான் கண்கட்டிப் பகுப்பாய்வின் வேலை. பகுப்பாய்வு செய்பவரின் ஆசை கணக்குக்குள் நுழைவதை அது தடுத்துவிடும். பெட்டியில் சரியாக உட்காராத செருகலைத் தடுக்க அதனால் ஆகாது. செருகலுக்கு ஆசை கிடையாதே.

ஆறு சிக்மா எதைச் சொல்கிறது

அறிவிப்பில் பலரையும் அசத்தியது "ஆறு சிக்மா" என்ற சொல். 60.7 என்ற விடையோடு இரண்டு பிழை எல்லைகள் தரப்பட்டிருந்தன: தற்செயல் பிழை 6.9, முறைசார் பிழை 7.4. இரண்டையும் சேர்த்தால் சுமார் 10 வரும். விடை அதைப்போல ஆறு மடங்கு. துகள் இயற்பியலில் ஐந்து சிக்மா தாண்டினாலே கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் வழக்கம் உண்டு. தற்செயலாக இப்படி ஓர் எண் விழ நூறு கோடியில் ஒரிரு வாய்ப்புத்தான் என்று செய்திகள் எழுதின.

அந்த வாக்கியம் பொய் இல்லை. ஆனால் அதில் "தற்செயலாக" என்ற சொல்தான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. முதல் பத்து சென்டிமீட்டர் வெட்டுப்பட்ட அளவு நாடாவால் ஒரு மேஜையை ஆயிரம் தடவை அளந்தால், ஆயிரம் விடைகளும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போகும், சராசரியின் பிழை எல்லை மெல்லிய கோடாகச் சுருங்கும், மேஜை மட்டும் பத்து சென்டிமீட்டர் தவறாகவே இருக்கும். தற்செயல் பிழை அளவீடுகளைக் கூட்டக் கூட்டக் குறையும். முறைசார் பிழை அசையாது.

முறைசார் பிழைக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்களே, அந்த 7.4 எங்கிருந்து வந்தது? தெரிந்த சந்தேகங்களின் பட்டியலிலிருந்து வந்தது. தூர அளவில் இவ்வளவு, ஜி.பி.எஸ். ஒத்திசைவில் இவ்வளவு, மின்னணுப் பலகைகளில் இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு போட்டுக் கூட்டியது. ஒளியிழை வடத்தின் தாமதத்துக்கும் அதில் இடம் இருந்தது. அது மிகச் சிறிய பிழை என்றே எழுதப்பட்டிருந்தது. 2006இல் நன்றாக அளந்த ஒன்று 2011இலும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பட்டியலில் தனி வரி இல்லை. பட்டியலில் ஏறாத தவறுக்கு எத்தனை சிக்மா வைப்பது?

குழுவுக்கு இது தெரியாமல் இல்லை. தாங்கள் இன்னும் அறியாத முறைசார் விளைவுகள் இருக்கலாம், ஆய்வு தொடர வேண்டும் என்று அந்தக் கட்டுரையே சொல்லி முடித்தது. விடைக்குக் கோட்பாட்டு விளக்கம் எதையும் தர முயலவில்லை என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். அவசரம் என்று கருதிய உறுப்பினர்கள் சிலர் அதில் கையெழுத்தே இடவில்லை. செய்தித்தாள்களில் ஐன்ஸ்டைன் வீழ்ந்தார். கட்டுரையில் ஐன்ஸ்டைனை யாரும் தொடவில்லை.

நம்பாதவர்களின் கணக்கு

பெரும்பாலான இயற்பியலாளர்கள் முதல் நாளே நம்பவில்லை. அது உண்மையானால் தொலைக்காட்சியில் தன் உள்ளாடையைத் தின்பதாக பிரிட்டனின் ஜிம் அல்-கலீலி சவால் விட்டார். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது ஐன்ஸ்டைன் மீதுள்ள குருபக்தி போலத் தெரியும். ஒரே ஓர் எதிர்ச்சான்று போதும், கோட்பாடு விழுந்துவிடும் என்றல்லவா சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்தப் பாடம் பாதிதான். சோதனைக்கு வருவது ஒருபோதும் ஒரு கோட்பாடு மட்டும் தனியாக அல்ல. "ஒளியை எதுவும் முந்தாது" என்பதோடு, "ஜி.பி.எஸ். சரி", "வடத்தின் தாமதம் சரி", "வளைகோட்டுப் பொருத்தம் சரி" என்று ஒரு பெரிய மூட்டையே சேர்ந்து சோதனைக்கு வருகிறது. விடை இடறும்போது மூட்டையில் ஏதோ ஒன்று தவறு என்று மட்டுமே தெரியும். எது என்று விடை சொல்லாது. எதைச் சந்தேகிப்பது என்பதற்கு வேறு இடங்களிலிருந்து கிடைத்த சான்றுகளைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஓப்பராவுக்கு எதிராக வலுவான கணக்கு ஒன்று ஏற்கெனவே இருந்தது.

1987 பிப்ரவரி 23 அன்று, பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் கூட்டத்தில் வெடித்த விண்மீனிலிருந்து, அதாவது சூப்பர்நோவாவிலிருந்து, வந்த நியூட்ரினோக்களை ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் கருவிகள் பதிவு செய்தன. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து தேறாது. வெடிப்பின் ஒளி கண்ணில் பட்டதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு அவை வந்தன. விண்மீனின் உள்ளே கிளம்பும் அதிர்ச்சியலை மேற்பரப்பை எட்டிய பிறகே ஒளி வெளியேறும் என்பதால் அது எதிர்பார்த்த முந்தல்தான். அந்த விண்மீனின் தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. ஓப்பரா சொன்ன வித்தியாசம் லட்சத்துக்கு 2.5 பங்கு. 1,68,000ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள்: நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் வரும். ஓப்பரா சரி என்றால் அந்த நியூட்ரினோக்கள் 1983 வாக்கிலேயே பூமியைக் கடந்து போயிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கும் மூன்று மணி நேரத்துக்கும் இடையே சமரசத்துக்கு இடமில்லை.

இதற்கும் ஒரு தப்பும் வழி இருந்தது. சூப்பர்நோவா நியூட்ரினோக்களின் ஆற்றல் மிகக் குறைவு. ஓப்பராவுக்கு வந்தவற்றின் ஆற்றல் சராசரியாக 17 கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). ஆற்றல் கூடக் கூட வேகமும் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் ஏற்கலாம். கருதுகோளை இப்படி வளைப்பது தவறல்ல, ஆனால் வளைத்த கையோடு அது புதிதாக எதை முன்னறிவிக்கிறது என்று கேட்டாக வேண்டும். ஆற்றல் குறைந்த நிகழ்வுகளையும் கூடிய நிகழ்வுகளையும் ஓப்பரா தன் தரவிலேயே பிரித்துப் பார்த்திருந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

அடுத்த அடி ஆண்ட்ரூ கோஹன், ஷெல்டன் கிளாஷோ என்ற இரண்டு கோட்பாட்டு இயற்பியலாளர்கள் கொடுத்தது, அறிவிப்பு வந்த அதே மாதத்தில். ஒளியை முந்தும் நியூட்ரினோ வழியெல்லாம் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகளை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். 730 கிலோமீட்டர் கடந்து வரும்போது சுமார் 12.5 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மிஞ்சக் கூடாது என்று கணக்கிட்டார்கள். ஓப்பராவுக்கு அதைவிட அதிக ஆற்றலில் ஏராளமாக வந்துகொண்டிருந்தன. அதே மலைக்கடியில் இருந்த இகாரஸ் என்ற இன்னொரு கருவியும் அப்படி எந்த இழப்பையும் காணவில்லை. நேரத்தையே அளக்காமல், கடிகாரத்தைத் தொடாமல், வேகத்தைப் பற்றிய கூற்றைச் சோதித்த விதம் இது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தூண்டில் கிடந்தது. அமெரிக்காவின் மைனாஸ் சோதனை 2007இல் இதே போன்ற தூரத்தில் அளந்தபோது நியூட்ரினோ சற்று வேகமாக இருப்பது போல ஒரு விடை வந்திருந்தது. பிழை எல்லையோடு பார்த்தால் இரண்டு சிக்மா கூட இல்லை, ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போவதாகவே அவர்கள் சொன்னார்கள். ஆனாலும் "அப்போதே தெரிந்தது" என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது உதவியது.

மறுபடி சோதித்தபோது

விமர்சகர்கள் அதிகம் குறிவைத்தது வளைகோட்டுப் பொருத்தத்தை. 10.5 மைக்ரோ நொடி நீளத் துடிப்பின் வடிவம் வழியில் லேசாக மாறினாலும் விடை நழுவுமே என்பது நியாயமான கேள்வி. பதிலாக, 2011 அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் செர்ன் வேறு மாதிரிக் கற்றையை அனுப்பியது. ஒவ்வொரு கொத்தும் 3 நானோ நொடி நீளம், கொத்துக்கும் கொத்துக்கும் 524 நானோ நொடி இடைவெளி. இப்போது வளைகோடே வேண்டாம். ஒரு நியூட்ரினோ பதிவானால் அது எந்தக் கொத்தில் கிளம்பியது என்று நேரே சொல்லிவிடலாம்.

இருபது நியூட்ரினோக்கள் கிடைத்தன. விடை 62.1 நானோ நொடி, பிழை எல்லை 3.7.

நவம்பரில் இந்தச் செய்தி "உறுதியானது" என்ற தலைப்போடு வந்தது. உறுதியானது எது? வளைகோட்டுப் பொருத்தத்தில் தவறு இல்லை என்பது. ஒரு சந்தேகத்தை அது சுத்தமாகத் துடைத்தது, அதற்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் தூரம் அதே தூரம், கடிகாரம் அதே கடிகாரம், வடம் அதே வடம், செருகல் அதே செருகல். இரண்டு சோதனைகளும் எந்தக் கண்ணியைப் பகிர்ந்துகொள்கின்றனவோ அந்தக் கண்ணியைப் பற்றி இரண்டாவது சோதனை புதிதாக எதுவும் சொல்லாது. மறுபடி செய்வதும் வேறு வழியில் செய்வதும் ஒன்றல்ல. பாடப்புத்தகம் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிடுகிறது.

மில்லிகன் என்ற இயற்பியலாளர், மின்னூட்டம் ஏறிய எண்ணெய்த்துளிகள் காற்றில் நகர்வதை அளந்து செய்த சோதனை இதற்குப் பழைய சாட்சி. எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு 1913இல் அவர் தந்த மதிப்பு, சரியான மதிப்பைவிட 0.6 சதவீதம் அளவுக்குக் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சரியில்லாததே பெரும்பாலும் காரணம். எத்தனை துளிகளை அளந்தாலும் அந்த எண் உள்ளே உட்கார்ந்திருக்கும். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்து, துளியும் இல்லாமல் காற்றும் இல்லாமல் எக்ஸ் கதிரையும் படிகத்தையும் வைத்து வேறு வழியில் கணக்கிட்டபோதுதான் முரண் வெளியே வந்தது.

இணைப்பு

2011 டிசம்பரில் ஓப்பரா குழு தன் நேரச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக மறுபடி அளந்தது. 8.3 கிலோமீட்டர் வடத்தின் தாமதம் பழைய அளவோடு ஒத்துப்போகவில்லை. எழுபது நானோ நொடிக்கு மேல் கூடுதல். பெட்டியில் செருகிய இணைப்பு முழுதாக முடுக்கப்படவில்லை.

இணைப்பு தளர்ந்தால் நேரம் ஏன் மாறும் என்பது யோசிக்க வேண்டிய இடம். இடைவெளி சில மில்லிமீட்டரே என்றால் ஒளிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 70 நானோ நொடியில் ஒளி 20 மீட்டருக்கும் மேல் போய்விடும். நடந்தது வேறு. தளர்ந்த இணைப்பு வழியாக டையோடுக்குள் விழும் ஒளி மங்கியது. மங்கிய ஒளியில் மின்னழுத்தம் மெதுவாக ஏறும். கடிகாரம் காத்திருக்கும் அளவை அது எட்டத் தாமதமாகும். செய்தி நேரத்துக்குத்தான் வந்தது. "வந்துவிட்டது" என்று பெட்டி ஒப்புக்கொண்டதுதான் தாமதம். முழுதாக அறுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பாதி வேலை செய்ததால்தான் மூன்று ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

அதன் விளைவு இப்படி: ஜி.பி.எஸ். நேரம் தாமதமாக வந்ததாக எடுத்துக்கொண்டதால் மலைக்குள் இருந்த கடிகாரம் பின்தங்கியது. பின்தங்கிய கடிகாரத்தில் வந்திறங்கிய நேரம் முன்னதாகப் பதிவாகும். நியூட்ரினோ சீக்கிரம் வந்தது போலத் தோன்றும்.

கூடவே இன்னொரு தவறும் இருந்தது. ஜி.பி.எஸ். செய்திகளுக்கு இடைப்பட்ட நேரத்தை எண்ணும் அலையியற்றி சற்றே தவறான வேகத்தில் ஓடியது. அது இழுத்தது எதிர்த்திசையில். நியூட்ரினோ பயண நேரத்தை அதிகமாகக் காட்டும் தவறு அது. அளவில் சிறியது என்பதால் இணைப்பின் தவறைக் கொஞ்சம் குறைத்ததோடு சரி. 2012 பிப்ரவரியில் செர்ன் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது. ஒன்று விடையைச் சரிக்கட்டும், மற்றது மோசமாக்கும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதைக் கவனிக்க வேண்டும். வேண்டிய விடையைத் தரும் தவறை மட்டும் கண்டுபிடித்து நிறுத்திக்கொள்வது எளிது.

ஆனால் டிசம்பரில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது என்பது, தரவு எடுத்த காலம் முழுவதும் அது தளர்ந்திருந்தது என்பதற்குச் சான்று ஆகாது. போன மாதம்தான் தளர்ந்ததோ என்னவோ. கடந்த காலத்துக்குள் போய்ப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

வழி பக்கத்து அறையில் இருந்தது. ஓப்பராவிலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி, சூப்பர்நோவா நியூட்ரினோக்களுக்காகக் காத்திருக்கும் எல்.வி.டி. என்ற கருவி. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் பிறக்கும் மியூவான் என்ற துகள்கள் (இவை நியூட்ரினோ அல்ல) பொதுவாக மேலிருந்து வரும். தெரமோ பள்ளத்தாக்குத் திசையில் மட்டும் பாறை மெலிவு என்பதால், எப்போதாவது ஒன்று கிட்டத்தட்டக் கிடையாக வந்து இரண்டு கருவிகளையும் துளைத்துக்கொண்டு போகும். 2007 முதல் 2012 வரை அப்படிச் சுமார் 300 மியூவான்கள். ஒன்றைக் கடந்து மற்றதைத் தொட மியூவானுக்கு ஆகும் நேரம் எல்லா ஆண்டும் ஒன்றுதான். இரண்டு கடிகாரங்களும் ஒழுங்காக ஓடினால் அந்த இடைவெளி மாறக் கூடாது. வரைந்து பார்த்தபோது 2008 நடுவில் ஒரு படி எழுந்தது, 2011 முடிவில் பழைய மட்டத்துக்கு இறங்கியது. படியின் உயரம் சுமார் 73 நானோ நொடி.

இணைப்பு எப்போது தளர்ந்தது, எவ்வளவு பிசகியது, எப்போது சரியானது என்ற மூன்று கேள்விக்கும் ஒரே படம் பதில் சொன்னது. செர்னும் வேண்டாம், நியூட்ரினோவும் வேண்டாம், ஒளியின் வேகம் பற்றிய எந்தக் கருத்தும் வேண்டாம். இவ்வளவு சுத்தமான சோதனை அமைவது அபூர்வம்.

மார்ச்சில் இகாரஸ் குழு தன் விடையை வெளியிட்டது. அதே கொத்துக் கற்றையில் ஏழு நியூட்ரினோக்களைப் பிடித்திருந்தார்கள், ஒளியின் நேரத்திலிருந்து வேறுபாடு 0.3 நானோ நொடி. மே மாதம் செர்ன் மறுபடி கற்றை அனுப்ப, ஓப்பரா, இகாரஸ், எல்.வி.டி., போரெக்சினோ என்று கிரான் சாஸோவின் நான்கு கருவிகளும் தனித்தனியாக அளந்தன. நான்கும் ஒளியின் வேகத்தையே சொன்னதாக ஜூன் 8 அன்று கியோட்டோ மாநாட்டில் செர்ன் ஆய்வு இயக்குநர் செர்ஜியோ பெர்தொலூச்சி அறிவித்தார்.

யார் செய்தது தவறு

மார்ச் இறுதியில் ஓப்பராவின் செய்தித் தொடர்பாளர் அந்தோனியோ எரெடிடாட்டோவும் ஆட்டியேரோவும் பொறுப்பிலிருந்து விலகினார்கள். தவறான விடையை வெளியிட்டதற்காகத் தலைகள் உருண்டன என்று இதைப் படிப்பது வழக்கம். வெளியிட்டது தவறு என்று எனக்குப் படவில்லை. மூன்று ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு, தங்களால் விளக்க முடியாத எண்ணை மறைத்து வைப்பது அதைவிட மோசம். வெளியிட்டதால்தான் கோஹன், கிளாஷோ கணக்கு வந்தது, கொத்துக் கற்றை வந்தது.

ஆனால் வரிசை தவறு. உலகமெங்கும் ஒளிபரப்பான கருத்தரங்குக்கு முன்பே நேரச் சங்கிலி முழுவதையும் ஒருமுறை புதிதாக அளந்திருக்கலாம். டிசம்பரில் முடிந்த வேலை ஆகஸ்டிலும் முடிந்திருக்கும். எல்.வி.டி. பதிவுகளோ பல ஆண்டுகளாகப் பக்கத்து அறையில் கிடந்தவை. கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் யாரும் அவற்றை வேக அளவீட்டோடு தொடர்புபடுத்திப் பார்க்கவில்லை.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. இணைப்பு 73 நானோ நொடிக்குப் பதில் 20 நானோ நொடி மட்டுமே பிசகியிருந்தால்? அலையியற்றியின் எதிர்த்திசைத் தவறு அதைப் பெரும்பாலும் விழுங்கியிருக்கும். மிச்சம் பிழை எல்லைக்குள் அடங்கி, "ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போகிறது" என்ற ஒரு வரியோடு அட்டவணையில் ஏறியிருக்கும். தளர்ந்த இணைப்பைத் தேடி எவரும் சுரங்கத்துக்குள் போயிருக்க மாட்டார்கள். ஓப்பராவின் தவறு பிடிபட்டது அது பெரியதாகவும் விசித்திரமான திசையிலும் இருந்ததால். எதிர்பார்த்த திசையில் விழும் சிறிய தவறுகளுக்கு இப்படி ஒரு கூட்டம் கூடுவதில்லை. அட்டவணைகளில் அப்படி எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு, வேறு வழியில் ஒருவர் அளக்கும் வரை பதில் கிடையாது.

திருத்திய விடையை ஓப்பரா 2012இலேயே வெளியிட்டது. அதே 2009-2011 தரவு, இரண்டு தவறுகளையும் கழித்த பிறகு: வேறுபாடு 6.5 நானோ நொடி, தற்செயல் பிழை 7.4, முறைசார் பிழை சுமார் 8. கட்டிய நோக்கத்துக்கான வேலையும் நடந்துகொண்டே இருந்தது. 2015இல் ஐந்தாவது டாவ் நியூட்ரினோ ஈயச் செங்கல்லுக்குள் தடம் விட்டது. அதோடு ஐந்து சிக்மா எல்லையைத் தாண்டி, மியூவான் வகை டாவ் வகையாக மாறுவதைக் குழு கண்டுபிடிப்பாக அறிவித்தது. அதற்கு முன்பே ஜப்பானின் சூப்பர் கமியோகண்டே, ஒளிப்படப் படலமும் முடுக்கிக் கற்றையும் இல்லாமல், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைத் தண்ணீர்த் தொட்டியில் பார்த்து, அதே மாற்றத்துக்குத் தனியாகச் சான்று கண்டிருந்தது.